இருபது கிலோக் கல்

இறகு, மூன்றாம் லயத்து எஸ்தரின் கருஞ்சேவலுடையது.
கேட்டுத்தான் பிடுங்கினேன்,
சேவலிடம் அல்ல.
நூல், தையல்கடை மிச்சம்.
வார்னிஷுக்குப் பதில் அவள் மகளின் நகப்பூச்சு, சிவப்பு.
கொக்கி மட்டும் மாற்றலாகிப்போன துரையின் டப்பாவிலிருந்து.
எல்லாம் சேர்த்துக் கட்டி வீசினால்
மொய் எழுதாமல் பந்திக்கு வந்தவனைப்போல்
நீரின் ஓரத்திலேயே நின்றது.

ஐப்பசியில் டிரவுட் மேலே வராது.
மழை வடிந்த ஆற்றின் அடியில்
பாறைக்கு மோவாயைக் கொடுத்துக் கிடக்கும்.
துரை சொல்வார்:
அவர் படித்த புத்தகத்தில் இதே சாதி
கடல்வரை போய், தலை எஃகாகித் திரும்புமாம்.
இங்கே குண்டளை அணைவரை போகலாம்.
அதுவும் திரும்பித்தான் வருகிறது.

கனம் வேண்டும்.

நான் கொழுந்து நிறுக்கிறவன்.
மேல் டிவிஷன் தராசுக் கொட்டகையில் பதினோரு வருஷம்.
கனம் எங்கே ஒளிந்திருக்கிறதென்று
எனக்குத் தெரியாவிட்டால் எப்படி?

இருபது கிலோக் கல்லைக் கவிழ்த்தால்
அடியில் ஒரு குழி.
குழியில் ஈயம்.
ஈயத்தின்மேல் சர்க்கார் முத்திரை.
முத்திரையின் ஓரத்தில்
பேனாக்கத்தி நுழைகிற அளவு இடம்.

முதல் ஞாயிறு ஒரு நகக்கீற்று.
சுத்தியலால் தட்டி, கம்பியாய் இழைத்து,
கொக்கியின் இடுப்பில் ஒன்பது சுற்று.
அதன்மேல் இறகு.
குறுக்கே வீசி எண்ணினேன்.
ஏழில் அடி தொட்டது.
இடதுகையால் ஒரு முழம் இழு, விடு.
இழு, விடு.
இழுத்தபோதெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
விட்டபோது கடித்தது.

விலாவில் நீளச் சிவப்புக் கோடு,
தள்ளுபடிக்கு நான் சீட்டில் கிழிப்பது மாதிரியே.
எத்தனை கிலோ என்று எஸ்தர் கேட்டாள்.
ஞாயிற்றுக்கிழமை நிறுக்கமாட்டேன் என்றேன்.

பாறைகள் கொக்கியைப் பிடித்துக்கொண்டு தருவதில்லை.
வாரம் நாலு, ஐந்து போகும்.
கல்லைக் கவிழ்ப்பேன். கத்தி.
குழியில் தேன்மெழுகும் கரியும் அப்பித் தேய்ப்பேன்.
மாசிக்குள் கால் கிலோ ஈயம்
ஆற்றுக்குப் போயிருந்தது.

சீனியம்மாதான் முதலில் கண்டாள்.
முப்பது வருஷம் தலையில் சுமந்தவள்;
அவள் கழுத்துக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.
“எங் கழுத்துக்குக் கொறையுது,
உஞ் சீட்டுல நெறையுது.
என்னடா பண்ற?”
முள் நேராய் நிற்கிறது பார் என்றேன்.
“முள்ளு நிக்கும்,” என்றாள்.
போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனியில் தேவிகுளத்திலிருந்து
அளவுத்துறை இட்டியவிரா ஜீப்பில் வந்தார்.
வெல்வெட் பெட்டியில் பித்தளைக் கற்கள்.
என் சட்டைக்குள் அட்டை கடித்துக்கொண்டிருந்தது,
எடுக்கக் கை போகவில்லை.
ஒரு தட்டில் அவருடைய இருபது,
மறுதட்டில் என்னுடையது.
முள் ஆடி,
நின்றது.
“கிருத்யமாணல்லோ,” என்றார்,
சரியாய் இருப்பதில் ஆச்சரியப்பட்டவர்போல.
கல்லைக் கவிழ்த்தார்.
மெழுகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பெட்டியிலிருந்து உளி எடுத்து
புது முத்திரை அடித்தார்.
டீ வேண்டாம் என்றுவிட்டார்.

சரி.
அப்படியென்றால் பதினோரு வருஷம்?
நிறுவைக்குக் கால் கிலோ.
நாளைக்கு மூன்று நிறுவை. அறுபது பேர்.
பேரேட்டின் பின்பக்கத்தில் பெருக்கத் தொடங்கி
மூன்றாம் வரியில் பென்சிலை வைத்தேன்.
ஒவ்வொரு சீட்டிலும் இருந்தது என் கையெழுத்து.

அந்த ஞாயிறு ஆற்றுக்குப் போகவில்லை.
அடுத்த ஞாயிறும்.
டப்பாவில் கனமில்லாத ஆறு கொக்கிகள்
சிவப்பு நகத்தோடு கிடந்தன.

திங்கள், பிரட்டு முடிந்து எல்லோரும் மலையேறியபின்
கொட்டகையில் பத்து கிலோக் கல் இருக்கிறது.
கவிழ்த்துப் பார்த்தேன்.
அதன் முத்திரை முழுசாய், அழகாய் இருந்தது.
குழி விளிம்புக்கு மேலே
ஈயம் சற்றே
பிதுங்கியிருந்தது.